இரண்டு இரவு முகாமும் திரும்பிச் செல்லும் வீடும்

கடோபநிடதத்தின் நாயகன் ஒரு சிறுவன். வேள்வியின் முடிவில் பால் வற்றிய கிழப்பசுக்களைத் தந்தை தானம் செய்வதைக் கண்டு அவன் மனம் பொறுக்கவில்லை. தன்னை யாருக்குத் தரப்போகிறார் என்று மும்முறை கேட்டான். சினமுற்ற தந்தை அவனை எமனுக்கே தந்ததாகச் சொல்லிவிட்டார். எமனின் இல்லத்தை அடைந்த நசிகேதனை வரவேற்க அங்கே எவரும் இல்லை. மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்தான். திரும்பி வந்த எமன் அதற்காக வருந்தி மூன்று வரங்கள் அளித்தான்.

மரணத்துக்கு அப்பால் என்ன என்று வினவிய மூன்றாம் வரமே சொற்பொழிவுகளில் பெரிதும் விளக்கப்படுகிறது. முதல் வரமாக அச்சிறுவன் வேண்டியது என்ன என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. தந்தையின் சினம் தணிய வேண்டும். அவர் மனம் அமைதி பெற வேண்டும். தான் வீடு திரும்பும்போது அவர் தன்னை அடையாளம் கண்டு அன்புடன் பேச வேண்டும். இவ்வளவே. ஞானத்தைக் கேட்பதற்கு முன் அவன் வீட்டைக் கேட்டான்.

வசதியற்ற கேள்வியைக் கேட்கும் பிள்ளை, கோபத்தில் "எங்காவது போய்த் தொலை" என்று சொல்லிவிடும் தந்தை, யாரும் வரவேற்காத ஒரு வாசல் ஆகியவை இன்றைய பெருநகரத்திலும் காணக் கிடைப்பவையே. அத்தகைய பிள்ளைகளுக்காக வார இறுதி முகாம் ஒன்றை நடத்த விழையும் அன்பர்கள் இம்முதல் வரத்தை முன்னிறுத்தித் தம் திட்டத்தை வகுப்பது நலம்.

நகரத்தின் சுமை

பெங்களூருவில் வளரும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் பள்ளிப் பேருந்து, மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு, இடையில் போக்குவரத்து நெரிசலில் கரையும் நேரம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தால் பி.யூ.சி.; அதனுடன் சி.இ.டி., ஜே.இ.இ. என்று நுழைவுத் தேர்வுகள். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைக்குத் துணை பெரும்பாலும் கைபேசியே. அதே நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் பிள்ளைக்குச் சுமை வேறுவகையானது: ஒற்றை அறை, தந்தையின் குடி, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகச் சொல்லும் வறுமை.

2015-16ஆம் ஆண்டில் இந்தியாவின் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடைபெற்றது. அதை முன்னின்று நடத்தியது பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம். 13 முதல் 17 வயது வரை உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாக அது கண்டது. கிராமப்புறங்களில் 6.9 விழுக்காடாக இருந்த இவ்வளவு பெருநகரங்களில் 13.5 விழுக்காடாக, ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இணையத்திலும் கைபேசி விளையாட்டிலும் சிக்கி மீள இயலாதோருக்கென அதே நிறுவனம் 2014-இல் 'ஷட்' என்னும் தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியதும் நினைவுகூரத்தக்கது.

எனவே தேவை உண்மையானது. ஆயினும் தேவை உண்மையாக இருப்பதனாலேயே நாம் செய்யும் எந்த உதவியும் நன்மையாகிவிடாது. இதை உணர்த்தும் வரலாறு ஒன்று உண்டு.

நல்லெண்ணமும் தீங்காகலாம்

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள கேம்பிரிட்ஜ், சோமர்வில் ஆகிய ஊர்களில், ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவரின் முயற்சியால் 1939-இல் ஒரு பெரும் தொண்டு தொடங்கிற்று. வழிதவறக்கூடிய சிறுவர்களை இளமையிலேயே நல்வழிப்படுத்துவது அதன் நோக்கம். 506 சிறுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒத்த இயல்புடைய இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு மட்டும் உதவி கிடைத்தது. வழிகாட்டிகள் வீடு தேடி வந்தனர். படிப்பில் துணை, மருத்துவ உதவி, கோடை முகாம் என்று 1945 வரை தொண்டு நடந்தது.

ஜோன் மெக்கார்டு என்னும் ஆய்வாளர் அச்சிறுவர்களை நடுத்தர வயதில் தேடிக் கண்டு, தம் முடிவுகளை 1978-இல் வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அது தமக்கு நன்மை செய்ததாகவே கூறினர். ஆனால் அவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் வேறுவிதமாகப் பேசின. உதவி பெறாத இணைகளைக் காட்டிலும் அவர்கள் எவ்வகையிலும் மேம்பட்டிருக்கவில்லை. குடிப்பழக்கம், மீண்டும் குற்றம் புரிதல் போன்ற சிலவற்றில் தாழ்ந்தே இருந்தனர். 1999-இல் தாமஸ் டிஷியன் முதலியோருடன் சேர்ந்து மெக்கார்டு எழுதிய கட்டுரை மேலும் ஒரு செய்தியைத் தந்தது: ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே இத்தீங்கு மிகுதியாகக் காணப்பட்டது.

காரணம் என்ன? சிக்கலில் உள்ள பிள்ளைகளை மட்டும் ஒன்றுதிரட்டினால், அவர்களுக்குள் மதிப்பைப் பெற்றுத் தருவது எது என்று சிந்திக்க வேண்டும். பள்ளிக்கு மட்டம் போட்ட கதையைச் சொன்னால் சிரிப்பு கிடைக்கிறது. நல்ல செயலைச் சொன்னால் மௌனம் கிடைக்கிறது. மேடையில் பெரியவர் பேசுவதைவிடப் படுக்கையறையில் நள்ளிரவு எழும் அச்சிரிப்பே வலிய ஆசிரியனாகிவிடுகிறது. முகாம் அமைப்போர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் இது.

பெங்களூரு காட்டும் வழி

இனி நம்பிக்கை தரும் செய்திகளைக் காண்போம். பெங்களூரைச் சேர்ந்த விவேகானந்த கேந்திர யோக ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஷிர்லி டெல்லஸும் உடனிருந்தோரும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அரசுக் காப்பகமொன்றில் வாழ்ந்த, 12 முதல் 16 வயது வரையுள்ள சிறுமியர் பதினால்வர் கொண்ட இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு ஆறு மாதம் யோகம் பயின்றது. மற்றது விளையாட்டுப் பயிற்சி பெற்றது. காப்பகச் சிறுமியரின் மூச்சு மற்றப் பிள்ளைகளின் மூச்சைவிட வேகமாகவும் சீரற்றும் இருப்பதும் ஆய்வில் தெரியவந்தது. அச்சமும் பதற்றமுமே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. ஆறு மாத முடிவில் இரு குழுவினரின் ஓய்வுநிலை இதயத்துடிப்பும் குறைந்தது. யோகக் குழுவினரின் மூச்சு வேகமும் குறைந்து நிதானமடைந்தது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. யோகம் பயன் தருகிறது. விளையாட்டையும் வீண் என்று ஒதுக்க இயலாது. பயனுக்கு ஆனது ஆறு மாதம் என்பது மற்றொன்று. இரண்டு நாள் முகாமில் விதையை ஊன்றலாமே அன்றி அறுவடையை எதிர்பார்க்க இயலாது.

நிம்ஹான்ஸ் வகுத்த வாழ்க்கைத் திறன் கல்வித் திட்டம் பற்றி ஸ்ரீகலா பரத், கிஷோர் குமார் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட மதிப்பீடும் கவனிக்கத்தக்கது. ஆசிரியர்களுக்கே பயிற்சியளித்து, பள்ளியிலேயே ஓராண்டு நடத்தப்பட்ட திட்டம் அது. அதில் பங்குபெற்ற 605 மாணவர்கள், பங்குபெறாத 423 மாணவர்களைவிடத் தன்மதிப்பிலும், இடரைச் சமாளிக்கும் திறனிலும், ஆசிரியர்களோடு பழகும் முறையிலும் மேம்பட்டிருந்தனர். ஆனால் வீட்டில் பொருந்தி வாழ்வதில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பள்ளியில் செய்த பணி பள்ளியை மாற்றியது. வீடு வீடாகவே இருந்தது. நசிகேதனின் முதல் வரம் ஏன் முதல் வரமாயிற்று என்பது இங்கே விளங்குகிறது. வீட்டைத் தொடாத முகாம் பாதி முகாமே.

முகாமுக்கு முன்

இருபத்து நான்கு பிள்ளைகள் போதும். அறுவருக்கு ஒரு குழுவாக நான்கு குழுக்கள். குழுவுக்கு இரண்டு தொண்டர்கள். அவர்களில் ஒருவராவது அக்குழுப் பிள்ளைகளின் தாய்மொழி அறிந்தவராக இருத்தல் வேண்டும். கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் இந்தியும் கலந்து ஒலிக்கும் நகரம் பெங்களூரு. வகுப்பறையில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கும் கோபமும் அழுகையும் தாய்மொழியில்தான் வருகின்றன.

பாஸ்டன் தந்த பாடத்தை மனத்தில் கொண்டு, இருபத்து நால்வரில் வெளிப்படையான சிக்கலில் உள்ளோர் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஏனையோர் மையத்தின் வகுப்புகளுக்கு வழக்கமாக வரும் பிள்ளைகளாக இருக்கலாம். யார் எந்த வகை என்பது குழுத் தொண்டரைத் தவிர எவருக்கும் தெரியலாகாது. அழைப்பிதழில் 'பிரச்சினைக்குரிய மாணவர்' என்பது போன்ற சொல் இடம்பெறவே கூடாது. பிள்ளையின் மேல் ஒருமுறை ஒட்டிய பெயரை உரிப்பது எளிதன்று.

முகாமுக்கு இரண்டு வாரம் முன்னரே குழுத் தொண்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று வர வேண்டும். பெற்றோரிடம் பேசிய பின் பிள்ளையிடம் தனியே பேச வேண்டும். இரவில் எப்போது உறங்குகிறாய், ஏதேனும் மருந்து உட்கொள்கிறாயா, மனம் கனக்கும்போது யாரிடம் பேசுவாய் என்னும் மூன்று கேள்விகள் பல செய்திகளை வெளிக்கொணரும். வர விருப்பமா என்பதையும் பிள்ளையிடமே கேட்க வேண்டும். தண்டனையாக அனுப்பப்படும் பிள்ளைக்கு முகாமும் தண்டனைக்கூடமே.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, வாழ்வில் விருப்பமற்றுப் பேசும் பிள்ளை ஆகியோருக்கு உடனடித் தேவை மனநல மருத்துவர். மருத்துவர் சம்மதித்த பின்னரே முகாமுக்கு அழைத்து வரலாம். மருத்துவர் தந்த மருந்தை, தியானம் இருக்கிறதே என்று சொல்லி நிறுத்தச் செய்வது பெரும் பிழை.

வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை

கனகபுரா சாலையிலோ, ராமநகரத்துக் கருங்கல் குன்றுகளின் பக்கமோ, நந்தி மலையடிவாரத்திலோ, நகரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய எளிய இடமே போதும். அருகில் மருத்துவமனை இருப்பது முதல் தகுதி. ஏரியும் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையும் உள்ள இடங்களில் நீரில் இறங்குவதற்கு முழுத் தடை வேண்டும்.

வெள்ளி மாலை வந்து சேர்ந்தவுடன் சொற்பொழிவு வேண்டாம். சூடான தேநீரும் சுண்டலும் தந்து, படுக்க இடத்தைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்ளச் செய்யலாம். நசிகேதனுக்கு எமன் வாசலில் கிடைக்காத வரவேற்பு இவர்களுக்குக் கிடைக்கட்டும். கைபேசியைப் பறிக்கவும் வேண்டாம். ஒப்படைக்க வேண்டும் என்பதை வீட்டுக்குச் சென்றபோதே சொல்லி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தொண்டர்களும் தம் கைபேசியை அதே பெட்டியில் வைக்க வேண்டும். அவசரத்துக்குப் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் ஒன்று இருக்கட்டும். இரவு பத்து நிமிடம் வீட்டுக்குப் பேச அனுமதி உண்டு. கைபேசியில் ஊறிய பிள்ளைக்கு முதல் இரவு நிலைகொள்ளாமல் இருக்கும். அதை ஒழுங்கீனம் என்று எண்ணாமல், உடன் அமர்ந்து பேச்சுத்துணையாக ஒரு தொண்டர் விழித்திருப்பது அவசியம்.

பிரம்ம முகூர்த்தத்தில் எழுப்புவது ஆன்மிக முகாம்களின் மரபு. இம்முகாமில் அதைச் சற்றே தளர்த்த வேண்டும். பருவமடையும் வயதில் உறக்கம் வரும் நேரம் இயற்கையாகவே பின்தள்ளிப் போகிறது. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர் பரிந்துரை. பத்து மணிக்கு விளக்கணைத்து ஆறரை மணிக்கு எழுப்பினால், நெடுநாளாகக் கிட்டாத நல்லுறக்கமே முகாமின் முதல் மருந்தாகும்.

சனிக்கிழமை காலை நாற்பது நிமிடம் யோகாசனம். பின்பு ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்தல். கண்களை மூடுவது அவரவர் விருப்பம். துயரமான அனுபவம் உள்ள பிள்ளைக்கு நெடுநேர மௌனம் அமைதியைத் தராமல் பழைய காட்சிகளை எழுப்பவும் கூடும். இங்கிலாந்தில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வில், பள்ளிகளில் பொதுவாகக் கற்பிக்கப்பட்ட மனக்கவனிப்புப் பயிற்சி எதிர்பார்த்த நன்மையைத் தரவில்லை என்று தெரியவந்தது. எனவே தியானத்தைச் சிறிதாக, விருப்பத்துக்குரியதாக அறிமுகம் செய்வதே விவேகம்.

அடுத்துக் குன்றேற்றம். அதற்கு ஒரே விதி: மிக மெதுவாக நடப்பவரே வரிசையின் முன்னால் செல்ல வேண்டும். வேகமாக ஏறக்கூடியவன் பொறுமையைக் கற்கிறான்; எங்கும் கடைசியாகவே நின்று பழகியவன் முதன்முறையாக முன்னே நடக்கிறான். இதைப் பற்றி எவரும் விளக்கவுரை ஆற்ற வேண்டியதில்லை. மதிய உணவைக் குழுக்களே சமைக்கட்டும். கன்னட நாட்டின் ராகி முத்தெயை உருட்டத் தெரிந்த பிள்ளை, நூற்றுக்குத் தொண்ணூறு எடுக்கும் பிள்ளைக்குக் கற்றுத்தருவான். ஒரு மணி நேர ஓய்வுக்குப் பின் கபடியும் கோகோவும்.

மாலையில் பாறைமேல் சிறிது நேரம் தனித்து அமர்ந்த பின், வீட்டில் உள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்லலாம். கொடுப்பதும் கிழிப்பதும் எழுதியவர் உரிமை, தொண்டர் படிக்கலாகாது. இரவு ஒவ்வொரு குழுவும் வட்டமாக அமர்ந்து, அன்று தனக்கு உதவியவர் யார் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். நள்ளிரவுச் சிரிப்பு எதற்குக் கிடைக்கிறதோ அதுவே வளரும் என்பதால், உதவிக்கு மதிப்புக் கிடைக்கும் பேச்சை உறக்கத்துக்கு முன் அமைப்பது காரணத்தோடுதான்.

ஞாயிறு முற்பகல் பெற்றோர் வர வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அவர்களுக்குத் தனியே. பின்பு பெற்றோரும் பிள்ளையும் மரநிழலில் எதிரெதிரே அமர்ந்து, பிள்ளை பத்து நிமிடம் பேச, பெற்றோர் மறுமொழி கூறாமல் கேட்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் பெற்றோர் பேச, பிள்ளை கேட்க வேண்டும். பல வீடுகளில் இதுவே ஆண்டுக்கணக்கில் நடவாத ஒன்று. அடி உதைக்கு அஞ்சும் பிள்ளையை மட்டும் இதில் கட்டாயப்படுத்தலாகாது. அவ்வீட்டை வேறு வழியில் அணுக வேண்டும். முடிவில் பிள்ளைகளே பரிமாற, அனைவரும் ஒரே பந்தியில் உண்டு விடைபெறலாம்.

தொண்டர் அறிய வேண்டியவை

பிள்ளையுடன் மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது. பிறர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் பேசலாம். பெண் பிள்ளைகளின் குழுவுக்குப் பெண் தொண்டர்களே பொறுப்பேற்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்கலாகாது. உன் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்வேன் என்று தொடக்கத்திலேயே கூறிவிடுவது நேர்மை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கடமை. குடும்ப மானம், நிறுவனத்தின் பெயர் என்று எக்காரணம் கொண்டும் மறைப்பதற்கு இடமில்லை.

வாழ விருப்பமில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அறிவுரை கூறத் தொடங்காமல் கேட்க வேண்டும், தனியே விடலாகாது, பெற்றோரையும் மருத்துவரையும் அன்றே தொடர்புகொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் தேசிய மனநல உதவி எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 ஆகிய இரண்டும் ஒவ்வொரு தொண்டருக்கும் மனப்பாடமாக இருத்தல் வேண்டும்.

ஞாயிறு மாலைக்குப் பிறகு

விடைபெறும்போது பிள்ளைகள் அழுவார்கள். முகாம் மிக நன்றாக இருந்ததாகக் கருத்துப் படிவத்தில் எழுதுவார்கள். பாஸ்டனில் உதவி பெற்றவர்களும் அவ்வாறே கூறினார்கள் என்பதை மறத்தலாகாது. முகாமின் மதிப்பு ஞாயிறு மாலையில் தெரிவதில்லை. ஆறு வாரம் கழித்தே தெரியும்.

ஆகவே கையிலுள்ள பொருளிலும் தொண்டர் நேரத்திலும் பாதியை முகாமுக்குப் பிந்தைய ஆறு வாரங்களுக்கு ஒதுக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு முகாம் நடத்தும் வசதி இருந்தால் இரண்டு நடத்திவிட்டு, எஞ்சியதைத் தொடர்பணிக்குச் செலவிடலாம். அதே தொண்டர் அதே அறுவரை வாரம் ஒருமுறை சந்திக்க வேண்டும். ஆறாம் வாரம் பெற்றோருடன் அரைநாள் கூடுகை. தொண்டர் வருவதாகச் சொல்லி வராமற்போனால், கைவிடப்பட்டோம் என்று முன்பே நம்பும் பிள்ளைக்கு அது மற்றுமோர் சான்றாகிவிடும். தொடர முடியாதவர் தொடங்காமல் இருப்பதே கருணை.

முன்னேற்றத்தை அளப்பதற்கும் எளிய வழி உண்டு. 1999-இல் பெங்களூருவில் தோன்றிய 'டிரீம் எ டிரீம்' என்னும் தொண்டு நிறுவனம் உருவாக்க உதவிய அளவுகோல் 2014-இல் வெளியாயிற்று. பிறரோடு பழகுதல், இடர்களைக் கடந்து தீர்வு காணுதல், தானே முன்வந்து செயலாற்றுதல், பூசலைக் கையாளுதல், சொன்னதைப் புரிந்து பின்பற்றுதல் ஆகிய ஐந்தையே அது நோக்குகிறது. பிள்ளையிடம் படிவம் தராமல், உடன் பழகிய தொண்டரே கண்டு குறிக்கக்கூடியவை இவை. முகாமுக்கு முன்னும் ஆறு வாரத்துக்குப் பின்னும் குறித்து ஒப்பிட்டால், மாற்றம் நேர்ந்ததா என்பது ஓரளவு விளங்கும். நேரவில்லை எனில் அதை மறைக்காமல் பதிவு செய்து, அடுத்த முகாமைத் திருத்த வேண்டும்.

எமனின் இல்லத்தில் நசிகேதன் பெற்றது பெரிய ஞானம். எனினும் அவன் திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது அதே வீட்டுக்குத்தான், அதே தந்தையிடம்தான். அவர் தன்னை அடையாளம் காண வேண்டும் என்ற வேண்டுகோள் நிறைவேறிய பின்னரே மற்ற வரங்கள் தொடர்ந்தன. ஞாயிறு மாலை பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளையை, அவன் மதிப்பெண்ணையோ தவற்றையோ கொண்டு அல்லாமல் அவனாகவே கண்டுகொள்ளும் ஒருவர் வாசலில் நின்றால், இரண்டு இரவு முகாம் தன் பணியைச் செய்தது எனலாம்.

சிந்தனைக்கு

1. உங்கள் மையத்தில் நடந்த கடந்த முகாமுக்குப் பின் எத்தனை பிள்ளைகளோடு இன்றும் தொடர்பு உள்ளது?

2. முகாமில் பிள்ளைகளிடையே மதிப்பைப் பெற்றுத் தந்த செயல்கள் எவை? அவை நீங்கள் விரும்பியவைதாமா?

3. பெற்றோர் வர இயலாத, அல்லது வர மறுக்கும் பிள்ளைக்கு அந்த மரநிழலில் எதிரே அமர்ந்து கேட்பவர் யார்?

4. பிள்ளை பத்து நிமிடம் பேசும்போது மறுமொழி கூறாமல் கேட்கும் பயிற்சியை, இவ்வாரம் உங்கள் இல்லத்தில் செய்து பாருங்கள்.